தெற்குச் சுவரின் பல்லி

அந்த மழைக்கால மத்தியானத்தில் திருநாவுக்கரசு ஒரு சபதம் எடுத்தார். பினாங்கில் அவர் சேர்ந்திருந்த தமிழ்ச் சபையின் ஆண்டு விழாவில், ஊரே வாயைப் பிளக்கும்படி ஒரு சொற்பொழிவு செய்துவிடுவது என்று. ஊர் ஏற்கெனவே வாயைப் பிளந்துதான் இருந்தது. போன வருஷம் 'காலத்தின் அருமை' பற்றி அவர் இரண்டரை மணி நேரம் பேசியபோது விட்ட கொட்டாவி அது.

இந்தத் தடவை சபைத் தலைவர் சோமசுந்தரம் கறாராகச் சொல்லிவிட்டார். அதே தலைப்பு, கால் மணி நேரம். மீறினால் மணி அடிப்பார்கள், அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் மேடை கிடையாது. கப்பல் கம்பெனியில் நாளெல்லாம் குனிந்து எழுதுகிற கிராணி திருநாவுக்கரசு. வருஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து நிற்பது அந்த மேடையில்தான். அதுவும் போனால் மனுஷனுக்கு அப்புறம் என்னதான் இருக்கிறது, சொல்லுங்கள்.

மனைவி கோமதிக்கு வேறு வேதனை. விழாவில் பெண்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்காருவார்கள். போன தடவை அவர் பேசப் பேச, அங்கே அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வீட்டிலும் இப்படித்தானா என்று ஒருத்தி கேட்டே விட்டாள். கோமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். குரல் கணீரென்று இருக்கிறது, முன்னுரையைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்றாள். பேச்சைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மனுஷர் யார் குறை சொன்னாலும் ஏற்காதவர், பல்லி சொன்னால் மட்டும் போட்ட செருப்பைக் கழற்றிவிடுவார். கிழக்கே சொன்னால் காரியம் ஜெயம், தெற்கே சொன்னால் கேடு, உச்சியில் சொன்னால் மரண பயம். பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம்.

சூலியா தெருவுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்தது ஒரு நீளமான, இருண்ட வீடு. மாடி எப்போதும் பூட்டியே கிடக்கும். வீட்டுக்காரச் சீனரின் விதவைத் தமக்கை அங்கே தனியாக இருந்து செத்துப்போனாளாம். மாடிக் கதவில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டியிருந்தார்கள். கோமதி அந்தப் படிக்கட்டைக்கூடக் கீழிருந்தேதான் பெருக்குவாள்.

அன்று மழை பிடித்திருந்தது. கோமதி எதிரே நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். திருநாவுக்கரசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சபையோரே, கல்வியில் சிறியேன், கேள்வியில் எளியேன் என்று ஆரம்பித்தார்.

ச்சு ச்சு ச்சு.

தெற்குச் சுவர். அவர் திடுக்கிட்டுப் போனார். விளக்கை எடுத்துக்கொண்டு சுவர் முழுக்கத் தேடினார். படத்துக்குப் பின்னால் பார்த்தார், கடிகாரத்தை நகர்த்திப் பார்த்தார். ஒரு வால்கூட இல்லை.

"இந்த வீட்டுல பல்லியே கெடையாதுங்களே. வந்த நாளா நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல" என்றாள் கோமதி, மெதுவாக.

அவர் அப்படியே முன்னுரையை வெட்டினார். பல்லி அடங்கியது.

மறுநாள் தன் பெருமைக்கு வந்தார். கம்பெனித் துரை தன் கையெழுத்தைப் புகழ்ந்த கதையை எடுத்ததுமே தெற்கே ச்சு ச்சு. அதையும் வெட்டினார். தன்னையறியாமல் மேற்கூரையைப் பார்த்துப் பேசினால் ச்சு, வாக்கியத்தின் கடைசியை விழுங்கினால் ச்சு. சரியான இடத்தில், சரியான நேரத்தில். தமிழ் தெரிந்த பல்லி, அதுவும் சபை நடப்பு தெரிந்த பல்லி.

ஒரு நாள் பேச்சுவாக்கில், சுங்கை பாக்காப்புக்குக் கோமதியைப் பெண் பார்க்கப் போன கதை வந்துவிட்டது. பட்டர்வொர்த் போகும் லாஞ்சுப் படகைக் கண்ணெதிரே தவறவிட்டு, விளக்கு வைத்த பிறகு போய் வெட்கத்தோடு நின்றார். அதுவரை ஒருத்தி தானும் சாப்பிடாமல் காத்திருந்தாள். மேடைக்கு இது கௌரவமில்லை என்று நிறுத்தப் போனார். அப்போது வாசல் பக்கம், சுத்தமான கிழக்கில், ச்சு ச்சு ச்சு என்று கனிவாகக் கேட்டது. கதையை வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் சாயங்காலம் கோமதியும் பக்கத்து வீட்டு நூர் பீவியும் பசாருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஈ காக்கை இல்லை. ஆசை யாரை விட்டது? வெட்டிப் போட்ட முன்னுரையை எடுத்து, கல்வியில் சிறியேன் என்று ஆசைதீர ஒரு தடவை முழங்கினார்.

ச்சு.

ஒரே ஒரு தடவை. தலைக்கு நேர் மேலே, பூட்டிய மாடியிலிருந்து. பெண்கள் திரும்பி வரும்வரை அவர் வாசலோர அஞ்சடி நடைபாதையில் கொட்டும் மழைச் சாரலில் நின்றுகொண்டிருந்தார்.

விழா நாளும் வந்தது. கேஸ் விளக்கு உஸ்ஸென்று எரிந்தது. மேடையில் நின்றவருக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் பழைய சபலம் தலைதூக்கியது. 'சிறியேன்' என்று வாயெடுத்தார். மூங்கில் தட்டிக்குப் பின்னால் ச்சு என்றது. அது ஒரு பல்லியில்லை, ஒரு கூட்டமே இருக்கும் போலிருந்தது. நேராக விஷயத்துக்கு வந்தார். காத்திருந்த ஒருத்தியின் கதையைச் சொன்னபோது மண்டபமே கலகலவென்று சிரித்து, அப்புறம் சத்தமில்லாமல் போயிற்று. தட்டிக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மணிக்கு வேலையே வரவில்லை. கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று, சோமசுந்தரமே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் திருநாவுக்கரசு தரையில் நடக்கவில்லை. நூர் பீவி பலகாரத்தட்டோடு வந்து கோமதி பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் வைத்தே அறிவித்தார். எல்லாம் அந்தப் பல்லியின் அனுக்கிரகம், அதற்கு வெள்ளியில் ஓர் உருவம் செய்து கோயிலுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உருவம் வேணாங்க. வளையலாவே செய்யச் சொல்லிடுங்க. பதினோரு ஜோடி" என்றாள் கோமதி. "தட்டிக்குப் பின்னால நாங்க அத்தன பேரு. தெக்குச் சுவரும் வாசப் பக்கமும் நம்ம நூர் பீவி அக்கா."

"முத்தத்துச் சுவரு ஓட்டை வழியா ச்சு கொட்டிக் கொட்டி எனக்கு நாக்கே வறண்டு போச்சு தம்பி" என்றாள் நூர் பீவி.

திருநாவுக்கரசுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் முகம் ஜிவ்வென்று சிவந்தது. இடுப்பில் கையை வைத்தார், மார்பை நிமிர்த்தினார். பதிபக்தி என்றால் என்ன என்று முன்னுரையோடு ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

ச்சு.

அவர் இரண்டு பேரின் உதடுகளையும் பார்த்தார். இரண்டும் இறுக மூடியிருந்தன, வெளுத்தும் போயிருந்தன. மூன்று பேரும் மெல்ல மேலே பார்த்தார்கள். மாடிக் கதவின் மஞ்சள் தாள் காற்றே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது. உயிரோடிருந்தவரை ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவள், அந்தச் சீன விதவை.

திருநாவுக்கரசு திறந்த வாயை மூடினார்.

"சரிங்க" என்றாள் கோமதி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "பன்னெண்டு ஜோடி."