அவர்கள் வாசித்துவிட்டார்கள், அத்தான்

வட்டுக்கோட்டை,
வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க அத்தானுக்கு மைத்துனன் பொன்னம்பலம் எழுதிக்கொள்வது. ரொறன்ரோக் குளிர் விட்டு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் வெளியே நடமாடத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி பாலேஸ்வரிக்குச் சுகம். எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் போன திங்கட்கிழமை வாங்கிய அதிர்ச்சியில் இன்னும் சாப்பாடு இறங்குதில்லை.

எங்கள் விவசாயத் துறையில் நான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியும். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது, இதை விட்டால் இனி இல்லை. பழைய முறை என்றால் எனக்கு ஒரு பயமும் இருந்திராது. அறுபத்தொரு கட்டுரை வைத்திருக்கிறேன், அவை நானூற்றுப் பன்னிரண்டு தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அதில் நூற்றைம்பது தடவை காட்டியது நானேதான் என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் பல்கலைக்கழகம் இந்த வருடம் பொறுப்பான மதிப்பீடு என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. புதிய படிவத்தைப் புரட்டிப் பார்க்கிறேன், இலக்கம் எழுத ஒரு பெட்டிகூட இல்லை. எத்தனை கட்டுரை என்று கேட்கவில்லை, எந்தச் சஞ்சிகை என்றும் கேட்கவில்லை. திறமான மூன்றை மட்டும் தா, அவற்றால் யாருக்கு என்ன பயன், யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று எல்லாருக்கும் விளங்கும் தமிழில் எழுது என்கிறார்கள். முப்பது வருடத்தில் என்னிடம் ஒருவரும் இப்படி மரியாதை இல்லாமல் கேட்டதில்லை. மூன்றைத் தெரிவதற்காக எல்லாவற்றையும் எடுத்து வாசித்தேன். பாதிக்கு மேல் எனக்கே விளங்கவில்லை. கடைசியில் தலைப்பு நீளமான மூன்றைப் பார்த்து அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை நேர்முகத்துக்குப் போனால், குழுத் தலைவி பேராசிரியர் பெர்னடெட்டுக்கு முன்னால் என் மூன்று கட்டுரையும் விரித்தபடி கிடக்கின்றன, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அவர்கள் வாசித்துவிட்டார்கள், அத்தான். முதற்பக்கம் மட்டுமில்லை, கடைசி வரைக்கும். முதலாம் கட்டுரையில் இருக்கும் அட்டவணையே மூன்றாம் கட்டுரையில் வேறு தலைப்போடு ஏன் இருக்கிறது என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். போதாக்குறைக்கு அச்சுவேலியில் வெங்காயம் செய்கிற அடைக்கலநாதன் என்ற விவசாயியையும் குழுவில் போட்டிருக்கிறார்கள். அவரும் என் தமிழ்ச் சுருக்கங்களை வாசித்துவிட்டு வந்து, இப்படிச் செய்தால் வெங்காயம் அழுகாதா என்று கேட்கிறார். அது மேலும் ஆராயப்பட வேண்டியது என்றேன். எப்போது ஆராய்வீர்கள் என்றார்.

சரி, என்ரை கதை முடிந்தது என்று எழும்பப் போனேன். அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து மேசையில் விரித்தார். விதைவெங்காயம் பழுதாகாமல் கட்டி வைப்பது எப்படி என்று எங்கள் துறை ஆறு வருடத்துக்கு முன் அடித்துக் கொடுத்த துண்டுப்பிரசுரம். அடியில் என் பெயர்.

"சேர், உந்த மூண்டையும் விடுங்கோ. இது எங்கடை பக்கம் எல்லா வீட்டிலையும் கிடக்கு. இதைப் பாத்துச் செய்த நாளிலையிருந்து விதைவெங்காயத்துக்கு நாங்கள் ஒருத்தரிட்டையும் போய் நிக்கேல்லை. இதை ஏன் நீங்கள் படிவத்திலை போடேல்லை?"

ஒரு சஞ்சிகையிலும் வராத, ஒருவரும் மேற்கோள் காட்டாத ஒற்றைத் தாள். குழு முழுக்க அதைக் கைமாற்றி வாசித்தது. இவ்வளவு அடக்கமான மனிதரா என்று பெர்னடெட் அம்மா வியந்தார். நான் வாய் திறக்கவில்லை. நேற்றுக் கடிதமும் வந்துவிட்டது. அந்தத் தாளையும் படிவத்தில் சேர்த்து, அதில் யார் என்ன செய்தார் என்று எழுதிக் கொடுத்தால் பதவிக்குச் சிபாரிசு செய்வார்களாம். அறுபத்தொரு கட்டுரையும் சும்மா கிடக்க, ஒரு வெங்காயத் தாளுக்குப் பேராசிரியர் பதவியா? எனக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது. இருந்தாலும் ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் பத்திரிகையில் போடுவதாகச் சொன்ன வாழ்த்து விளம்பரத்தை அரைப் பக்கமாகவே போடுங்கள், தலைமுடி இருக்கிற படத்தைக் கொடுங்கள். அக்காவுக்கும் மருமகள் கஜானிக்கும் எங்கள் அன்பு. நல்லூரான் உங்கள் எல்லாருக்கும் நோய்நொடி இல்லாத வருடத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
பொன்னம்பலம்

பிற்குறிப்பு: விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். அந்தத் துண்டுப்பிரசுரத்தை எழுதியது நான் இல்லை. எங்கள் துறையில் ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருக்கும் குருநகர்ப் பிள்ளை டிலக்ஷி, தோட்டம் தோட்டமாய்ப் போய்க் கேட்டு எழுதியது. நான் இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, துறைத் தலைவர் என்று என் பெயரைப் போட்டேன். அப்போது அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. இன்று காலை அவள் விரிவுரையாளர் வேலைக்கான படிவத்தோடு வந்து நின்றாள். அவளுடைய மூன்றில் முதலாவது அந்தத் தாள்தான்.

"அச்சிலை உங்கடை பேர்தான் கிடக்கு, சேர். எழுதினது நான் எண்டு ஒரு வரி எழுதித் தந்தியள் எண்டால் காணும்."

அறுபத்தொரு கட்டுரை எழுதிய எனக்கு, அத்தான், அந்த ஒரு வரிக்கு அரை நாள் எடுத்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் நீங்களே பக்குவமாய்ச் சொல்லுங்கள்.