தாய்மாமனுக்கு முன்னால் வந்த துண்டு

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக்கும் மதிப்புக்கும் என்றும் உரிய மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு, கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கள் மைத்துனன் நெடுமாறன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஷோபனாவும் நலம். கடை மிஷினுக்கு மட்டும் லேசான இருமல். அங்கே தாங்கள், என் தங்கை பூங்குழலி, குழந்தை நிலா, தங்கள் தாயார் வள்ளியம்மாள் அத்தை அனைவரும் நலமாகவும், முடிந்தால் கோபம் தணிந்தும் இருக்க வேண்டும். தாங்களும் பூங்குழலியும் போனில் என்னைத் தடை செய்துவிட்டீர்கள். ஷோபனாவின் போனிலிருந்து கூப்பிட்டபோது என் குரல் கேட்டதும் அந்த எண்ணும் தடையாகிவிட்டது. தபால்காரரை யாரும் தடை செய்ய முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். காதணி விழாவுக்குத் தாய்மாமன் வராமல் அவன் துண்டு மட்டும் வந்து சேர்ந்ததற்கு என் தரப்பு விளக்கத்தைத் தாங்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

பேஸ்புக்கில் 'செஞ்சி மக்கள் மன்றம்' என்று ஒரு குழு. குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, யார் வீட்டு ஆடு காணவில்லை என்று அது பாட்டுக்கு நல்லபடியாக நடந்துகொண்டிருந்த இடம். அதில் ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான், பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் கிடந்த துண்டு ஒன்றைப் படம் பிடித்துப் போட்டு, 'இப்படித் துண்டு போட்டு இடம் பிடிப்பது சட்டப்படி சரியா?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். போனவர் போனவர்தான், அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை, நான் வக்கீலுக்குப் படிக்காவிட்டாலும் கேஸ் கட்டுகளை நகல் எடுத்து எடுத்தே பாதி வக்கீல் ஆனவன். 'சட்டப்படி' என்ற சொல்லைக் கண்டால் என் கை நமநமக்கும். ஆகவே, ஓர் இடத்தை எவன் முதலில் அனுபவத்தில் எடுக்கிறானோ அவனுக்கே அதில் பாத்தியதை, துண்டு என்பது அனுபவத்தின் அடையாளம், இது நம் முன்னோர் கண்ட வழக்கம், வழக்கமே சட்டத்துக்குத் தாய் என்று நான்கு வரி எழுதினேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் 'நீதிப் பறவை' என்ற பெயரில், கழுகுப் படம் வைத்த ஓர் ஆசாமி கீழே எழுதியிருந்தார்: 'அப்படியானால் நாளைக்கு ராஜகிரி உச்சியில் என் துண்டைப் போடுகிறேன். கோட்டையை எனக்குப் பட்டா போட்டுத் தருவீர்களா?'

அதற்கு முப்பத்தாறு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள். சிரிப்பு பொம்மை என்ன செய்யும் என்று தாங்கள் நினைக்கலாம். ஒரு மனிதனுக்குத் தூக்கம் போய்விடும் மாப்பிள்ளை. அன்றிலிருந்து எனக்கும் நீதிப் பறவைக்கும் யுத்தம். சீட்டு என்பது முன்னால் வந்து நிற்கும் மனிதனுக்கே உரியது, துணிக்கு உரிமை கிடையாது என்பது அவர் கட்சி. கர்ப்பிணி நிற்க, துண்டு உட்கார்ந்து போவது எந்த ஊர் தர்மம் என்று கேட்டார். துண்டுக்குச் சொந்தக்காரியே கர்ப்பிணியாக இருந்தால் என்ன செய்வீர் என்று நான் திருப்பிக் கேட்டேன். நடுவில் ஒருவர் துண்டு என்ன நிறம் என்று கேட்டார். அது சாயம் போன சாதாரணத் துண்டு. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஒரு கட்சிக்காரர்கள் அது தங்கள் கரை என்றும், இன்னொரு கட்சிக்காரர்கள் அது தங்கள் கரையைத் திருடியது என்றும் இறங்கிவிட்டார்கள். காலையில் ஒருவர் என்னை முதலாளிகளின் கைக்கூலி என்றார். மதியம் இன்னொருவர் என்னைப் புரட்சிக்காரன் என்று சொல்லி எச்சரித்தார். இருவருக்கும் விரிவாகப் பதில் எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஏன் முன்பதிவு செய்யக் கூடாது என்று கேட்டார். ஒரு பெரியவர் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மும்முரத்தில் கடையில் சில பிசகுகள் நேர்ந்தன. மறைக்க விரும்பவில்லை. ஒரு விவாகரத்து மனுவுக்குள் யாருடைய நிலத்தின் வரைபடமோ சேர்ந்துபோய், வக்கீலம்மா மோனிகா வந்து, 'இன்னாங்க இது, வடக்கு எல்லையில மாமியாரா?' என்று கேட்டார். வீட்டிலும் அதே கதைதான். ஒரு சாயங்காலம் நான் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது ஷோபனா எதிரில் வந்து நின்று, 'மூஞ்சி தெரியாதவனுக்கெல்லாம் ஒடனே ஒடனே பதில் சொல்றீங்க. இட்லிக்கு அரிசி ஊற வெக்கட்டுமான்னு காலையில கேட்டது, அதுக்கு இன்னும் பதில் வரல' என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் நீதிப் பறவை எழுதிவிட்டார்.

இனி விழா நாள் காலைக்கு வருகிறேன். பட்டுப்பாவாடை, கொலுசு, நிலாவுக்கு நானே போய் எடுத்த கம்மல், தேங்காய், பழம், பூ என்று சீர்த்தட்டு எல்லாம் தயார். ஷோபனாவையும் தட்டையும் கூட்டிக்கொண்டு நேரத்தோடுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முகூர்த்த நாள். அவலூர்பேட்டை பஸ் உள்ளே நுழையும்போதே ஜனம் தொங்குகிறது. நான் ஓடிப்போய் ஜன்னல் வழியாக என் துண்டைப் போட்டேன். கண்டக்டர் பக்கத்து சீட்டில் ஷோபனாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. நெரிசலில் புகுந்து என் சீட்டுக்கு வந்து பார்த்தால், என் துண்டின்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தடித்த மீசை, மடியில் ஒரு மஞ்சள் பை. எழுந்திருங்கள், துண்டு என்னுடையது என்றேன். 'துண்டு உங்களுதுதாங்க, எடுத்துக்குங்க. துணிக்கு உரிம கெடையாது' என்றார்.

மாப்பிள்ளை, ஒருவருடைய எழுத்தோடு அத்தனை நாள் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். 'கழுகுப் படம் வெச்சிருக்கறது நீங்களா?' என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'அனுபவ பாத்தியதையா நீங்க?' என்றார். அவர் பெயர் தாண்டவராயன். காந்தி பஜார் பக்கம் மாட்டுத் தீவனக் கடை. அவலூர்பேட்டைக்குக் கறவை மாடு பார்க்கக் கிளம்பி வந்திருக்கிறார். எங்களுக்கு வந்தது கோபம் என்று தாங்கள் நினைத்தால் அது தவறு. தொலைந்துபோன சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது. ஆனால் அதை எப்படிக் காட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை, அதனால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டோம். நான் வழக்கம் என்றேன், அவர் தர்மம் என்றார். பின்சீட்டுக்காரர்கள் அவர் பக்கம், ஜன்னல் ஓரத்தார் எல்லாம் என் பக்கம். கைக்குழந்தையோடு ஒரு பெண் இரண்டு பேரையும் திட்டினாள், அது மூன்றாவது கட்சி. தாண்டவராயன் நியாயத்தைக் கை வீசிச் சொல்ல எழுந்து நின்றார், நானும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். சீட்டு காலியாக, துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் ஆதிமூலம் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். அமைதியான மனிதர். எங்கள் இருவர் வாதத்தையும் முழுதாகக் கேட்டுவிட்டு, 'சீட்டு துண்டோடதுதான். துண்டு வரட்டும், நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க' என்று தீர்ப்புச் சொன்னார். பஸ்ஸே கை தட்டியது. ஷோபனா முன்னாலிருந்து கத்திக் கூப்பிட்டாள் என்று பிறகு சொன்னாள். எனக்கு மெய்யாகவே கேட்கவில்லை. ஆக என் மனைவியும் சீர்த்தட்டும் துண்டும் தங்கள் ஊருக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பையோடு ஒரு புளியமரத்தடியில் நின்றோம்.

ஆள் இல்லாத ரோட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வாதம் வர மாட்டேன் என்கிறது மாப்பிள்ளை. அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். காதணி விழாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் எப்படிக் குத்துவார்கள், இது தெரிந்திருந்தால் அப்போதே எழுந்திருப்பேனே என்றார். அவருடைய மாட்டுக்காக நானும் வருந்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, டிரைவர் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தோடு. இங்கேதான், மாப்பிள்ளை, என் வாழ்க்கையின் மிகப் பெரிய பிழை நடந்தது. நீங்கள் போங்கள் என்று தாண்டவராயன் சொன்னார். ஏறியிருக்க வேண்டும். ஆனால் முன்னால் வந்து நின்றவர் அவர், அவர் கொள்கைப்படி இடம் அவருக்கே உரியது என்று நான் சொன்னேன். 'ஆட்டோவுக்குள்ள மொதல்ல பைய வெச்சது நீங்க, ஒங்க கொள்கைப்படி எடம் ஒங்களுக்குத்தான்' என்று அவர் சொன்னார். அத்தனை நாள் நான் எழுதியதையெல்லாம் அந்த மனிதர் வரி பிசகாமல் எனக்காக வாதாடினார். நானும் அவர் கட்சியை அவரைவிட நன்றாகப் பேசினேன். மனசு மாறிய இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் என் பையை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தோம். உட்கார யாருக்கும் இடம் இல்லாததால் வழியில் எந்தச் சச்சரவும் இல்லை. விழா நடந்த தங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. அங்கே நடந்தது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஷோபனா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன், அப்போதுதான் என் தவற்றை நான் உணர்ந்தது தங்களுக்குத் தெரியும். மொட்டை அடித்து, சந்தனம் பூசிய பிள்ளை, மாமா எங்கே, மாமா எங்கே என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வள்ளியம்மாள் அத்தை ஷோபனாவின் தோளில் கிடந்ததைப் பார்த்து, 'தாய்மாமன் துண்டு வந்துருக்குது, தாய்மாமன் எங்க?' என்று கேட்டிருக்கிறார். யாரோ ஒரு பெரியவர், துண்டை விரித்து அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்தால் மாமன் மடிதான் என்று யோசனை சொன்னாராம். பிள்ளை திமிறினால் துண்டு பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு ஆசாரி கருவிகளை மூட்டை கட்டிவிட்டார். பூங்குழலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூணோரம் போய் நின்றுவிட்டாள் என்று ஷோபனா சொன்னாள். அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் உள்ளே நுழைந்ததும் தாங்கள் எழுந்து வந்து, எல்லார் எதிரிலும், 'மருமவ காது முக்கியமா, பஸ்ல சீட்டு முக்கியமா?' என்று கேட்டீர்கள். காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது தலையாவது குனிந்திருக்க வேண்டும். பழக்க தோஷம், 'இதுல ரெண்டு விஷயம் இருக்குது மாப்ள' என்று வாயில் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற தாண்டவராயன், 'மூணு' என்றார். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாங்கள் திரும்பிப் போனது, போன் தடையானது எல்லாம் அதற்குப் பிறகுதான். நிலா மட்டும் மொட்டைத் தலையோடு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, 'மாமா, காது குத்தாம போய்ட்டாங்க, நல்லவேள' என்றாள். எனக்கு ஆதரவாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளை, ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தவன், சொந்தத் தங்கை மகளுக்கு ஒரு மடி தர முடியாமல் போனேன். அந்தக் குழுவை விட்டு விலகிவிட்டேன். பேஸ்புக்கையே போனிலிருந்து எடுத்துவிட்டேன். முகம் தெரியாதவர்களோடு சட்டம், தர்மம், அரசியல் எதுவும் இனி இந்த ஜென்மத்தில் பேசுவதில்லை என்று ஷோபனா முன்னிலையில் சத்தியம் செய்திருக்கிறேன். வேறு நாள் குறித்துச் சொல்லுங்கள். முதல் நாளே வந்து கோயில் வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

நிலாவின் காதுகள் கம்மல் ஏற்று, அவள் கேட்பதெல்லாம் நல்ல சேதியாகவே இருக்கட்டும். பூங்குழலி மனம் குளிரட்டும். அத்தைக்கு முழங்கால் வலி இல்லாத நாட்கள் வாய்க்கட்டும். தங்கள் கோபம் ஆறட்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
திருந்திய மைத்துனன்,
சு. நெடுமாறன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தாண்டவராயன் கடைக்கு வந்தார். படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஆனால் ஷேர் ஆட்டோவில் பையை முதலில் வைத்தது அவர்தான், என் பை அப்போது தரையில் இருந்தது என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பொது மனிதர்கள் சொல்லட்டும் என்று, அதற்காக மட்டும் பேஸ்புக்கை மறுபடி ஏற்றி, இந்தக் கடிதத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டிருக்கிறோம். பெயர்களையெல்லாம் மறைத்துவிட்டோம். கூட்டம் அலைமோதுகிறது. பெரும்பாலும் தங்கள் பக்கம்தான். சற்றுமுன் ஒருவர் 'அந்த மாப்பிள்ளை நான்தான்' என்று தொடங்கி மூச்சு விடாமல் என்னைத் திட்டி, தாய்மாமன் கடமை பற்றி மூன்று கருத்துகள் எழுதியிருக்கிறார். பார்த்தால், தங்கள் சொந்தப் பெயர், சொந்தப் படம், மடியில் நிலா. ஷோபனாவை ஓடிப்போய்க் கூப்பிட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை பேசிவிட்டார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். கடிதத்தை எப்படியும் அனுப்புகிறேன், அசல் தங்களிடம் இருக்க வேண்டும், நகல் என்னிடம் இருக்கிறது. முதல் கருத்தும் மூன்றாவது கருத்தும் முழுக்கச் சரி, மறுபேச்சில்லை. இரண்டாவது மட்டும் சட்டப்படி நிற்காது மாப்ள. பதில் போட்டிருக்கிறேன், பார்க்கவும்.