கூட்டுப்புழுவுக்கு ஆளுமைப் பயிற்சி

ஒரு காட்டில், அதாவது கல்லூரி ஒன்று கட்டியதுபோக மிச்சமிருந்த காட்டில், ஒரு தவளை வாழ்ந்து வந்தார். 'வந்தது' என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெயர் மண்டூகனார். அவருடைய குட்டை உளவியல் வகுப்பின் சன்னலுக்கு நேர்கீழே இருந்ததால், முதல் பருவத்துப் பாடம் முழுவதையும் தண்ணீரில் மிதந்தபடியே கேட்டு முடித்திருந்தார். இரண்டாம் பருவம் தொடங்குவதற்குள் கோடை வந்து குட்டை வற்றிவிட்டது. ஆகவே படிப்பு நிறைவடைந்ததாக எடுத்துக்கொண்டு, காட்டுக்குள் போய் ஆளுமை மேம்பாட்டு மையம் ஒன்றைத் திறந்தார்.

மையத்தின் உளவியல் எளிமையானது. உயிர்கள் இரண்டு வகை. கத்துபவை புறமுக ஆளுமை. இன்னும் கத்தத் தொடங்காதவை அகமுக ஆளுமை. இரண்டாவதை முதலாவதாக மாற்றுவதன் பெயர் வளர்ச்சி. இந்த முறையில் ஒரு நத்தையைக்கூட அவர் மேடையேற்றிப் பேச வைத்தார். காடே கைதட்டியது. நத்தை மேடையிலிருந்து இறங்கி முடிக்க மறுநாள் ஆயிற்று என்பதை யாரும் கவனிக்கவில்லை.

காட்டின் ஓரத்து எருக்கஞ்செடியில் எழினி என்றொரு புழு இருந்தாள். நாளெல்லாம் இலை தின்பாள், யாரிடமும் பேசமாட்டாள். வாய் நிறைய இலை இருந்ததால் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஒருநாள் தின்பதை நிறுத்தினாள். இலையடியில் தலைகீழாகத் தொங்கி, தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள்.

செடியின் அடியில் கட்டெறும்பு அத்தை குடியிருந்தார். அவர் யாருக்கும் அத்தை இல்லை. எல்லோர் வீட்டு விஷயமும் தெரிந்ததால் அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. அவர் நேரே மண்டூகனாரிடம் போனார்.

"நல்லாத்தான் இருந்தா சார். திடீர்னு கதவைச் சாத்திக்கிட்டா. கூப்பிட்டா, வேலை இருக்கு அத்தைங்கறா. உள்ளே தனியா இருக்கிறவளுக்கு அப்படி என்ன சார் வேலை?"

மண்டூகனார் வந்தார். செடியைச் சுற்றித் தத்தினார். இந்த நிலைக்கு என்ன பெயர் என்று கேட்டார். கூட்டுப்புழு என்றார் அத்தை. தவளை கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"கூட்டுக் குடும்பம். கூட்டு முயற்சி. கூட்டுப் பிரார்த்தனை. கூட்டுன்னா என்னம்மா அர்த்தம்? பல பேர் சேர்றது. பேரை கூட்டுப்புழுன்னு வெச்சுக்கிட்டு இவ ஒத்தையாத் தொங்கறா. பேருக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை. இதுதான் நோய்."

கூட்டுக்குள் இருக்கும் புழு என்பதால்தான் அந்தப் பெயர் என்று செடியில் ஊர்ந்துகொண்டிருந்த அதே நத்தை முணுமுணுத்தது. ஓட்டுக்குள்ளிருந்து பேசுகிறவர்களின் கருத்தை மையம் ஏற்பதில்லை என்று மண்டூகனார் சொல்லிவிட்டார்.

உள்ளிருந்து எழினியின் குரல் கேட்டது. தனக்குச் சிறகு முளைத்துக்கொண்டிருக்கிறது என்றும், கொஞ்ச நாள் விட்டால் தானே வந்துவிடுவேன் என்றும், முந்திக்கொண்டு யாராவது கூட்டைப் பிரித்தால் சிறகு சுருங்கியபடியே நின்றுபோகும் என்றும், பிறகு ஆயுளுக்கும் பறக்க முடியாது என்றும் மெதுவாகச் சொன்னாள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எல்லோரும் இப்படி ஏதாவது காரணம் வைத்திருப்பார்கள் என்று மண்டூகனார் அத்தைக்கு விளக்கினார்.

சிகிச்சை தொடங்கியது. முதலில் ஊக்கம். ஒரு வார்த்தைக்கு ஒரு சர்க்கரைத் துணுக்கு என்று அறிவித்து, கூட்டின் கீழே அத்தை குவித்து வைத்தார். எழினிக்குப் பசியில்லை. ஆகவே அவள் பேசவில்லை. அத்தை ஏதோ பேசிக்கொண்டே இருந்து, கடைசியில் சர்க்கரை முழுவதையும் தானே சம்பாதித்துக்கொண்டார். பசிக்காதவளுக்கு எப்படி ஊக்கம் கொடுப்பது என்று தவளைக்குக் கவலை வந்தது. அவர் தரையில் தேவைகளின் படிக்கட்டை வரைந்தார். முதல் படி சோறு, இரண்டாவது பாதுகாப்பு, மூன்றாவது நாலு பேரோடு சேர்வது. அதற்கு மேலே மரியாதை, உச்சியில் தன்னிறைவு. இந்தப் பெண் சோற்றையும் பாதுகாப்பையும் முடித்துவிட்டு, மூன்றாவது படியை மிதிக்காமலே உச்சிக்குப் போகப் பார்க்கிறாள் என்று கண்டுபிடித்தார். கூடியிருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். இத்தனை பேர் மூன்றாவது படியில் நெரிசலில் நிற்கும்போது இவளுக்கு மட்டும் என்ன அவசரம் என்றது வெட்டுக்கிளி.

எழினி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், உங்களுக்கும் சின்ன வயசுல வால் இருந்துச்சில்ல? அதை யாராவது பிடிச்சு இழுத்தா எடுத்தாங்க?"

மண்டூகனாரின் தொண்டை இரண்டுமுறை உப்பி அடங்கியது.

"அது வளர்ச்சி. இது ஒதுங்குறது. ரெண்டும் வேற வேற யூனிட்டும்மா."

மையம் நடத்திவந்த பயிற்சி முகாமின் நிறைவு விழாவில், எல்லோர் முன்னிலையிலும் கூட்டை உடைத்து எழினியை வெளியே கொண்டுவருவது என்று முடிவானது. உடைக்கும் உரிமை சிறப்பு விருந்தினரான யானைக்கு வழங்கப்பட்டது. விழா நாளன்று கிளையோடு அவளை ஒடித்து வந்து மேடையில் நட்டார்கள். முன்னால் பேனர் கட்டினார்கள். பேனர் முழுவதும் மண்டூகனாரின் சிரித்த முகம் இருந்தது. கிளை அதன் பின்னால் மறைந்துபோனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழாவின் நாயகி தெரிய வேண்டும் என்று எந்த விழாவிலும் வழக்கமில்லை.

அன்று காலைதான் எழினிக்குச் சிறகு முழுமையடைந்திருந்தது. வெளியே வந்து காயவைக்க மட்டும் நேரம் வேண்டும். விழா காலையிலேயே தொடங்குவதாக இருந்தது. தொடங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டார் என்ற செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது, அவர் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு யானை வந்தார். அத்தை வரவேற்புரை ஆற்றினார். அத்தையின் பேச்சு எழினியின் பிறப்பில் தொடங்கி, அவளைத் தாம் வளர்த்த கஷ்டத்துக்குப் போனபோது, பேனருக்குப் பின்னால் கூடு வெடித்தது. கசங்கிய ஈரத்துணிபோல எழினி வெளியே வந்து, காலிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். யாராவது பேனரை விலக்கினால் அவ்வளவுதான். யானையின் சாதனைகளை வெட்டுக்கிளி வாசிக்கத் தொடங்கியது. ஒரு சிறகு விரிந்தது. வாசிப்பில் ஒரு சாதனை விட்டுப்போனதாக யானையே எழுந்து திருத்தினார். மறு சிறகும் விரிந்தது. பொன்னாடை போர்த்தும்போது துணி யானைக்குப் போதவில்லை. இன்னொன்று கொண்டுவந்து முடிச்சுப் போட்டார்கள். சிறகு காய்ந்தது. புகைப்படத்துக்காக எல்லோரும் மறுபக்கம் திரும்பி நின்ற நேரத்தில், எழினி பேனருக்கு மேலாக எழும்பிப் போய்விட்டாள்.

பேனர் விலக்கப்பட்டது. யானை துதிக்கையால் கூட்டைத் தொட்டார். வெடிப்பு இன்னும் அகன்றது. உள்ளே ஒன்றுமில்லை.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. மண்டூகனார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நல்லாப் பாருங்க. உள்ளே தயக்கம் இல்லை, கூச்சம் இல்லை, பயம் இல்லை. இதைவிட முழுமையான ஆளுமை மாற்றத்தை நான் பாடத்துல கூட கேட்டதில்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிறந்த பயிற்சியாளருக்கான கேடயத்தைக் கூட்டின் பக்கத்தில் வைத்தார்கள். அதுமுதல் அந்தக் காலிக்கூடு மையத்தின் முன்வரிசையில் தொங்குகிறது. யார் என்ன சொன்னாலும் காற்றில் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறது. எதிர்க்கேள்வி கேட்பதில்லை. எழினி இப்போது எல்லோரோடும் எவ்வளவு நன்றாகப் பழகுகிறாள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒருநாள் எருக்கம்பூவில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று அத்தை விசாரித்தார். நான்தான் அத்தை, எழினி என்றது அது. அத்தை சிரித்துவிட்டார். எங்கள் எழினி உன்னைப்போல் தனியாகச் சுற்றமாட்டாள், அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று மையத்துக்கு வழி சொன்னார். எழினி தேன் குடித்து முடித்தாள். வழி சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் பறந்தாள்.

நீதி: ஆளே இல்லாத இடத்தில்தான் ஆளுமை நன்றாக வளரும். தப்பித்தவறி நீங்கள் உள்ளே இருந்துவிட்டால், விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். அவர் வருவதற்குள் வளர்ந்துவிடலாம்.