அண்ணனின் சைக்கிள் முடிந்தது

ஊரார் சுரப்பிகளையெல்லாம் அதட்டி வேலை வாங்கும் டாக்டர் அத்தை அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் அண்ணன் மகள் மிகுந்த பணிவுடன் (அம்மா எட்டிப் பார்க்கிறாள், அதனால் பணிவு) எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம், அப்பா நலம், அம்மா நலம், அப்பாவின் தையல் மிஷின் நலம். அண்ணன் நலமா என்பதை நீங்கள்தான் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் ஒன்று பேசினால் அம்மா காதில் வேறொன்று விழும். இந்தக் கடிதமே அப்படி விழுந்த ஒன்றின் கதைதான்.

அண்ணன் உடம்பை வளர்க்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். எதைப் போட்டு வளர்த்தான் என்பது அப்பா அம்மாவுக்கே போன வாரம்தான் தெரிந்தது. அம்மா அவித்துப் போட்ட முட்டையில்தான் கை தொடை மாதிரியும் தொடை தூண் மாதிரியும் ஆனது என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். முட்டைக்கு அந்தப் பெருமை இல்லை அத்தை. ஜிம் மாஸ்டர் எண்ணெயில் கரைத்த ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றியிருக்கிறார். அப்படி வரிசையாக ஊசி போட்டு முடிக்கும் காலத்துக்கு அவர்கள் பாஷையில் 'சைக்கிள்' என்று பெயர். அது முடிந்தபிறகு, வெளிச்சரக்கு வருகிறதென்று கதவடைத்துவிட்ட உள்ளூர் ஹார்மோன் தொழிற்சாலையை மறுபடி திறக்க மாத்திரை போடுவார்களாம், அதற்கு 'ரிக்கவரி' என்று பெயர். உங்களுக்கு இதெல்லாம் பால பாடம். எனக்கு ஜிம் வாசலில் ஒட்டுக்கேட்ட பாடம். எங்கள் வீட்டாருக்கோ சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம், ஒரு மணி.

முதலில் கண்டுபிடித்தது அப்பாவின் அளவு நாடாதான், ஆனால் அதற்கு வாய் இல்லை. அண்ணன் சட்டையை அப்பா பிரித்துப் பிரித்துத் தைத்து, கடைசியில் பிரிக்க உள்மடிப்பே இல்லாமல் போயிற்று. அப்புறம் ஊசி நின்றது. கை சுருங்கியது, தோள் இறங்கியது, நெஞ்சு மட்டும் இறங்க மறுத்தது. அப்பா நாடாவை வைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். "டேய், உன் சட்டைக்கு முன்னாடி பொம்பளைங்க ஜாக்கெட்டுக்குப் புடிக்கிற மாதிரி டார்ட் புடிச்சாதான்டா உக்காரும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பட்டன் டப்பா கவிழ்ந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அழுதான். அத்தை, இரும்புத் தட்டுகளைத் தூக்கி எறிந்து விளையாடுகிறவன், தரையில் சிதறிய பட்டன்களைப் பார்த்து அழுதான்! அன்றிலிருந்து பால் பொங்கினால் அழுகை, மின்சாரம் போனால் அழுகை, விளம்பரத்தில் நாய்க்குட்டி வந்தால் அழுகை.

இந்த நேரத்தில்தான் குளியலறைக்குள்ளிருந்து அவன் மாஸ்டரிடம் போனில் பேசியதை அம்மா கேட்டுவிட்டாள். "சைக்கிள் போயிருச்சு மாஸ்டர், முடிஞ்சுது. ரிக்கவரி எப்ப? லேட்டானா கெடைக்காமலே போயிருமா?" இவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது. மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தாள். அண்ணனின் பழைய சைக்கிள் அங்கே இல்லை. ஏனென்றால் பஞ்சர் ஒட்ட நான் கடையில் விட்டிருந்தேன்.

"ஐயோ, புள்ள இதுக்குத்தான் இத்தனை நாளா அழுதிருக்கான்! வாயத் தொறந்து சொல்லலையே" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அப்பா கத்தரியைக் கீழே வைத்தார். "திருடினவன் யாரா இருந்தாலும் விடமாட்டேன். கெளம்புடா ஸ்டேஷனுக்கு." அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் ஊசியைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் போலீஸ். அவன் போலீஸைத் தேர்ந்தெடுத்தான். எனக்குச் சைக்கிள் எங்கே இருக்கிறதென்று தெரியும், சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படியொரு காட்சியைக் கெடுக்க மனசு வருமா அத்தை? நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் டீயை ஆற்றிக்கொண்டே விசாரித்தார். "சைக்கிள் எப்ப போச்சு?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "போன மாசம் முடிஞ்சுது சார்" என்றான்.

"முடிஞ்சுதா? சைக்கிள் எப்படிப்பா முடியும்? என்ன கலரு?"

"எண்ணெய்க் கலரு சார்" என்றேன் நான். அண்ணன் என் காலை மிதித்தான். அத்தை, சுருங்கியும் அவன் எடை எடைதான்.

"யாரு மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"மாஸ்டர் மேல சார்" என்று அப்பா முந்திக்கொண்டார். "இவன் அந்த ஆள்கிட்டதான் ரிக்கவரி பண்ணித் தரச் சொல்லிக் கெஞ்சிட்டு இருந்தானாம். அவனே எடுத்துட்டு அவனே குடுக்கிற ஆளு போல."

போலீஸ்காரர் டீயை வைத்தார். அண்ணனின் கையைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், கலங்கிய கண்ணைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, நீ சொல்ற சைக்கிளுக்கு சக்கரம் உண்டா?"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். உள்ளே அடைபட்டிருந்த ஆள்கூட எழுந்துவந்து கம்பிக்கு நடுவே, "பாவம், நல்ல சைக்கிள் போல" என்றான்.

திரும்பி நடந்து வரும்போது அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். நான் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, இதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். தெருமுனையில் அண்ணன் நின்று, "அப்பா, எனக்குன்னு ஒரு கொழந்த பொறக்காமலே போயிருமோ?" என்றான். என்னிடம் எப்போதும் கையிருப்பில் ஒரு ஜோக் இருக்கும் அத்தை. அன்றைக்குக் கையைவிட்டுத் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை.

அப்பா அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். "பொறந்தா அதுக்குச் சட்ட தைக்கிறேன். பொறக்கலைன்னா உனக்கே தைக்கிறேன். டார்ட்டு வேணுமா வேணாமான்னு டாக்டர் சொல்லட்டும். மொதல்ல உங்க அத்தகிட்ட போ" என்றார்.

இங்கேதான் வண்டி மக்கர் செய்கிறது. அத்தையிடம் போகமாட்டானாம். "சின்ன வயசுல என்னைக் குளிப்பாட்டினவங்க முன்னாடி இதையெல்லாம் எப்படிப்பா சொல்றது?" என்கிறான். ரிக்கவரி மாத்திரைப் பட்டையை மாஸ்டர் இவன் கையில் கொடுத்துவிட்டார். அதை எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் ஜிம்மில் ஆளுக்கொரு கடிகாரம். கடைசி ஊசி போட்ட மறுநாளே தொடங்கியிருக்க வேண்டும் என்று மாஸ்டர் திட்டுகிறார். எண்ணெய் உடம்பைவிட்டு வடியாமல் தொடங்கினால் மாத்திரை தண்டம் என்று டம்பெல் துடைக்கும் அண்ணா சொல்கிறார். இணையத்தில் ஒருவர் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு கணக்குச் சொல்கிறார். மூன்று பேரில் ஒருவர்கூட ரத்தத்தைச் சோதித்துப் பார் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, வரும் திங்கட்கிழமை தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறான். தொழிற்சாலை திறக்குமா, பூட்டின பூட்டு துருப்பிடிக்குமா என்று தெரியாமலே சாவியைப் போட்டு முறுக்கப் போகிறான்.

ஆகையால் அத்தை, ஞாயிற்றுக்கிழமைக்குள் எதேச்சையாக வருவதுபோல் வந்துவிடுங்கள். "என்னடா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்று எதேச்சையாகக் கேளுங்கள். ரத்தம் எடுக்கும் ஊசி உங்கள் கைப்பையில் எதேச்சையாக இருக்கட்டும். நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். தெரிந்தால் என்னைத் தூக்கி மாடியிலிருந்து போட்டுவிடுவான். பழைய பலம் இல்லாவிட்டாலும் என்னைத் தூக்கும் அளவுக்கு இன்னும் இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கமும் அவர் முதுகுவலிக்கு என் ஆழ்ந்த அனுதாபமும். குட்டித் தம்பிக்கு ஒரு முத்தம், ஒரு கிள்ளு. நீங்கள் மனசுக்குள்ளேயே என் தலையில் கைவைத்து ஓர் ஆசி அனுப்புங்கள், குட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சுரப்பிகளில் அதிகமாகச் சுரந்துவிட்ட வால்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம். இன்று காலை அண்ணன் எங்கள் யாரையும் பார்க்காமல், செருப்பைப் பார்த்தபடியே, "அத்த வீட்டுக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டான். தபால்செலவு மிச்சம் என்று இந்தக் கவரை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். அம்மா துருவித் துருவி விசாரித்ததில் அவன் மாத்திரையையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறான் என்று தெரிந்தது. அதனால் அப்பா பட்டையை அவன் சட்டையின் உள்பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டின் வாயை ரெட்டைத் தையல் போட்டு மூடிவிட்டார். எப்போது பிரிக்க வேண்டும், பிரிக்கத்தான் வேண்டுமா என்பதை நீங்கள் ரத்தம் பார்த்துச் சொன்னால் போதுமாம். பிரிப்பதாக இருந்தால் சின்னக் கத்தரியால், துணி கிழியாமல்.

கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன். இருந்தாலும் எனக்கு என் அண்ணனைத் தெரியும். அண்ணா, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து இதுவரைக்கும் படித்துவிட்டாய் அல்லவா? என்னை அப்புறம் மாடியிலிருந்து போட்டுக்கொள்ளலாம். இப்போது நடுவழியில் மட்டும் இறங்கிவிடாதே.