மெத்தைக்காரர் வளர்த்த பால்பயறு

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே மெத்தைக்காரர் அந்த முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் சாயங்காலம் நடக்கப் போவதில்லை. ஊரே திரண்டு வந்து கூப்பிட்டாலும் சரி, மனைவியே வந்து கூப்பிட்டாலும் சரி. இரண்டாவதை நினைத்தபோது மட்டும் வாயில் இருந்த நுரை கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தெருவில் எல்லாருக்கும் அவர் விசில் டீச்சர்தான். கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, விசில் இருக்கும். தினமும் சாயங்காலம் தெருமுனை வளைவு வரை போய்த் திரும்புவது பல வருஷப் பழக்கம். முந்தின நாள் முதல்முறையாகக் கணவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

“உங்க தொப்பை உங்களுக்கு முன்னாடியே கடைக்குப் போய்த் திறந்து வெச்சிடுது. இன்னையிலேருந்து தினம் நடக்கறீங்க.”

போய் வந்த மெத்தைக்காரருக்கு ராத்திரி முழுக்கக் கெண்டைக்கால் பேசிக்கொண்டே இருந்தது.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பகலெல்லாம் கடையில் பஞ்சு அடித்து, மெத்தை தைத்து, ஊருக்கெல்லாம் தூக்கம் தயாரித்துக் கொடுக்கிற மனிதர். தனக்கென்று அதில் ஒரு முழம் வெட்டிக்கொள்ளக் கூடாதா? வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல், தண்ணீர் டிரம், சாக்கடை எல்லாம் போக ஒரு மூலையில் மட்டும் சிமெண்டு போடாத மண்தரை உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி அந்திவெயில் இறங்குகிற இடம் அது ஒன்றுதான். அங்கேதான் அவருடைய கித்தான் சாய்வு நாற்காலி கிடக்கும். அதில் சாய்ந்து, கண் பாதி மூடி, வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, காற்றாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வாழ்க்கையில் சம்பாதித்த ஒரே சொத்து.

அந்தச் சொத்தைக் காப்பாற்ற ஒரு சாக்கு வேண்டும். அது அன்றைக்கே கடை தேடி வந்தது. நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர் இரட்டைக் கட்டில் மெத்தைக்கு அளவு கொடுக்க வந்தார். பேச்சோடு பேச்சாக ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“பால்பயறு. நம்ம மேட்டுச் சரிவுல தானா வளர்ந்துட்டிருந்த செடிங்க. ஆடு தின்னா பால் கூடுதலா கறக்கும்னு பேர் வெச்சாங்க. இப்ப மேடு பூரா வீடாப் போச்சு. அதான் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துட்டு வர்றேன்.”

“வளர்க்கறது கஷ்டமா?”

“விதைத்தோல் ரொம்பக் கெட்டிங்க. அப்படியே போட்டா தண்ணி உள்ள இறங்காது. உப்புத்தாள்ல நல்லா உரசிட்டு, ஒரு ராத்திரி ஊறவெச்சுப் போடணும். இந்தப் பையில இருக்கறது தாய்ச்செடி காலடி மண்ணு, அதையும் கலந்துக்குங்க. இல்லாட்டி பிள்ளை சவலையாப் போயிடும். முக்கியமானது இன்னொண்ணு. வேர் ஆணி மாதிரி நேரா கீழ இறங்கும். முளைச்ச இடத்தைவிட்டு அசைக்கவே கூடாது. பிடுங்கி வேற இடத்துல வெச்சா அவ்வளவுதான், போயிடும்.”

மெத்தைக்காரரின் மனம் மெத்தென்று ஆகிவிட்டது. ஒரே இடத்தில் கிடக்கும், அசைத்தால் செத்துப்போகும். தன்னைப் போலவே ஒரு ஜீவன்!

சாயங்காலம் விசில் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தபோது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“கிளம்பலாமா?”

“எப்படிம்மா கிளம்பறது? விதை போட்டிருக்கேன்ல. ஆள் இல்லாத நேரம் பார்த்து அணில் வந்து தோண்டிட்டுப் போயிடும். காவல் இருக்கணும்.”

“நாம இருக்கற தெருவுல அணிலை யாரு பார்த்தா?”

“அதான் ஆபத்து. எப்ப வரும்னே தெரியாது.”

டீச்சர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். மண்ணின் மேல் இலவம்பஞ்சை அரை விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் விதைகளை இடைவெளிவிட்டுப் படுக்கவைத்து, மல்துணியால் போர்த்தியிருந்தது. தலைமாட்டில் பஞ்சு கொஞ்சம் உயரம்.

“இது என்னங்க, விதைக்குத் தலையணையா?”

“பின்னே? அந்த மனுஷன் உப்புத்தாள்ல போட்டு உரசச் சொல்றாரும்மா! பச்சைக் குழந்தைய யாராச்சும் உரசுவாங்களா? நம்ம கையால அந்தப் பாவம் வேண்டாம். மிச்ச விதையும் அந்த அழுக்கு மண்ணும் சமையல்கட்டு அலமாரியில இருக்கு, தூக்கிப் போட்டுடு.”

டீச்சர் தனியாக நடக்கப் போனார்.

மெத்தைக்காரர் வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மெல்லிய குரலில் எதையோ முனகித் தாலாட்டினார். விதைகள் தூங்கினவோ இல்லையோ, அவர் தூங்கிவிட்டார். தினம் தினம் இதே கதை. விதை முளைக்கவில்லை. முதலில் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் பாதித் தூக்கத்தில் சட்டென்று ஞானம் பிறந்தது. முளைத்துவிட்டால் காவல் முடிந்துவிடும். முளைக்காத விதைக்குக் காவல் என்றைக்கு முடியும்? ஓய்வு பெறும் வயதே இல்லாத உத்தியோகம் அல்லவா இது! அன்றிலிருந்து பஞ்சை இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டார்.

“எத்தனை நாளைக்குங்க இந்தக் காவல்?” என்று கேட்டார் டீச்சர். செருப்பு மாட்டியாகிவிட்டது.

“முளைக்கற வரைக்கும்.”

“முளைச்சா?”

“முளைச்சா எனக்கு இங்க என்ன வேலை? நீ கூப்பிடற இடத்துக்கெல்லாம் வர்றேன்.”

“தினமும்?”

“செடி உசுரோட இருக்கற வரைக்கும் தினமும். போதுமா?” வாக்குறுதி கொடுக்கும்போது கைநிறைய அள்ளிக் கொடுப்பவர் அவர்.

“நம்ம வீட்டுல ஒண்ணே ஒண்ணு முளைச்சாப் போதும்ல?”

“ஒண்ணு போதும்மா, ஒண்ணு!” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். டீச்சர் விசிலை உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கனவுகள் ஆரம்பித்தன.

கண் அயர்ந்ததும் எங்கிருந்தோ மழை வரும். சலசலவென்று தகரக் கூரைமேல் விழுகிற மழை. தெருவெல்லாம் தண்ணீர். தண்ணீர்மேல் அவர் தைத்த மெத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போகும், ஒவ்வொன்றிலும் ஒருவர் அசந்து தூங்கிக்கொண்டு. கடைசி மெத்தையில் அவர். துடுப்பு போட வேண்டியதில்லை. மழையே தள்ளிக்கொண்டு போகும். மழை நின்றதும் செருப்புச் சத்தம் ஒன்று மெல்லத் தேய்ந்து தெருப்பக்கம் போவது கேட்கும். அந்த இடத்தில் மட்டும் கனவிலேயே அவருக்கு நெஞ்சு லேசாகக் கனக்கும், ஏன் என்று தெரியாது. அடுத்த நொடி குறட்டை.

“நேத்தும் கனவுல மழை,” என்றார் காலையில், காபியை ஊதிக்கொண்டே.

“நல்ல மழையா?”

“விட்டு விட்டுப் பெய்ஞ்சது.”

“கை வலிச்சிருக்கும்.”

“யாருக்கு?”

“மழைக்கு.”

சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு பழைய காபித்தூள் டப்பாவுக்குள் உப்புத்தாளைச் சுருட்டி வைத்து, விதைகளைப் போட்டு, மூடிக் குலுக்குகிறவர்களுக்குக் கை வலிக்கத்தான் செய்யும். இது மெத்தைக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதது இன்னொன்றும் இருந்தது. அவர் கடைக்குக் கிளம்பியதும் நாற்காலி மடங்கி, சுவரில் சாய்ந்துகொள்ளும். அவர் திரும்பி வருவதற்குள் நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஒருநாள் மட்டும் அவருக்குச் சின்னதாக ஒரு சந்தேகம்.

“ஏம்மா, நாற்காலிக்குக் கீழ மண்ணு ஈரமா இருக்கே?”

“தூங்கறப்ப உங்க வாயைப் பார்த்திருக்கீங்களா?”

அசடு வழிய வாயைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம். வெயில் மஞ்சளில் இருந்து சிவப்புக்கு மாறுகிற நேரம். மெத்தைக்காரரின் வலது கை நாற்காலியிலிருந்து வழிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனியில் ஏதோ மெத்தென்று பட்டது. அவர் தொழில் அது. பஞ்சா, நாரா, இறகா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். இது மூன்றும் இல்லை. குளிர்ச்சியாக, பூனைக்குட்டிக் காது மாதிரி ஒன்று.

எட்டிப் பார்த்தார். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் நடுவில், முன்னால் அவர் பாதம் வைக்கிற இடத்தைச் சுற்றி, மண்ணெல்லாம் குட்டிக் குட்டி முளைகள். ஒவ்வொன்றிலும் எதிரும் புதிருமாகச் சின்னஞ்சிறு இலைகள். இலைமேல் வெள்ளிப் பூனைமுடி. அந்திவெயில் அதில் பட்டு நின்றது.

மெத்தைக்காரர் நாற்காலியிலிருந்து ஓசைப்படாமல் இறங்கி, மண்ணில் முழங்கால் போட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். இத்தனை சின்ன உயிர் தன் எடைக்குக் கீழே, தன் குறட்டைக்குக் கீழே, தைரியமாக வளர்ந்திருக்கிறதே! தலையணை போட்ட விதை ஒன்றும் எழுந்திருக்கவில்லை. யாரோ போட்டு உலுக்கிய விதை எழுந்து நிற்கிறது. அப்போதுதான் மழை எங்கே பெய்தது என்று அவருக்குப் புரிந்தது.

பீர்ர்ர் என்று விசில்.

நிமிர்ந்தார். டீச்சர் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பு. கையில் அவருடைய செருப்பு.

“முளைச்சிடுச்சு போலிருக்கே?”

“முளைச்சது சரிம்மா. ஆனா நான் உக்கார்ற இடத்துலயா?”

“அங்கதான் வெயில் விழுதுன்னு நீங்கதானே சொல்வீங்க.”

“அப்ப ஒண்ணு பண்ணலாம். பதமா வேரோட எடுத்து, அந்த டிரம் பக்கத்துல...”

“முளைச்ச இடத்தைவிட்டு அசைச்சா?”

“செத்துப்போயிடும்,” என்றார் மெத்தைக்காரர் தன்னையறியாமல்.

“நாற்காலியைப் போட்டு மிதிச்சா?”

அவருக்கு அந்த வெள்ளி முடியைத் தொட்ட விரல் இன்னும் குளிர்ந்திருந்தது. எழுந்தார். தானே நாற்காலியை மடக்கினார். போரில் தோற்ற படையின் கொடியைச் சுருட்டுவது போல மரியாதையாகச் சுருட்டி, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

“இது எவ்வளவு காலம் உசுரோட இருக்கும்?” என்று கேட்டார், செருப்பை மாட்டிக்கொண்டே.

“பண்ணைக்காரர்கிட்ட விசாரிச்சுட்டேன். மண்ணு பிடிச்சுப்போச்சுன்னா வருஷக்கணக்கா இருக்குமாம். விதையும் தானா விழுந்து முளைக்குமாம்.”

“அவ்வளவு விதையையும் என் நாற்காலிக்கு அடியிலயா போட்டே?”

டீச்சர் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினார்.

தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்துக்கொண்டிருந்தன. இஸ்திரிக் கடையிலிருந்து சூடான துணி வாசனை வந்தது. யாரோ மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வானம், கண் மூடினால் மட்டும் வரும் என்று அவர் நினைத்திருந்த நிறத்தில் இருந்தது. பாதித் தெரு போனபிறகுதான் கவனித்தார். மைதானத்தில் பிள்ளைகளை ஓட ஓட விரட்டுகிற டீச்சர் அவருக்காக அடியைக் குறைத்துக் குறைத்து வைத்து நடந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, உனக்குத் தனியா நடக்கறது பழக்கம்தானே? என்னை எதுக்கு இழுக்கறே?”

“எதிர்ல வர்றவங்க எல்லாம் ஜோடியா வர்றாங்க. நான் மட்டும் விசிலைத் துணைக்குக் கூட்டிட்டு நடக்கறேன். அது திருப்பிப் பேசுதா என்ன?”

மெத்தைக்காரருக்கு நெஞ்சு கனத்தது. கனவில், செருப்புச் சத்தம் தேய்கிற இடத்தில் கனக்குமே, அதே கனம். இந்தத் தடவை தூங்கித் தப்பிக்க வழியில்லை. “நாளைக்கும் வர்றேன்மா,” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

வளைவு வந்துவிட்டது. கெண்டைக்கால் மறுபடி பேச ஆரம்பித்தது. வளைவில், மரத்தடியில், ஒரு கல்பெஞ்சு. அவருக்கு முகம் மலர்ந்தது. தினமும் இதுவரை நடந்து வந்து இதில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டுக்குள்ளே போன சொத்து தெருவிலே கிடைத்துவிட்டது! கால்களை நீட்டிக்கொண்டு அப்பாடா என்று உட்காரப் போனார்.

“பார்த்துங்க,” என்றார் டீச்சர். “அங்கயும் போட்டிருக்கேன்.”