சாவியத் திருப்புனா வாய மூடுற லேப்டாப்பு

இன்னைக்கு வேலை சின்ன வேலைதான் மக்களே. கார் சாவியத் திருப்புனா, டிக்கியில இருக்க லேப்டாப்பு தானா ஆன் ஆவணும். அவ்வளவுதான்.

எதுக்குன்னு கேப்பீங்க. நமக்குப் பொழப்பே வாய்தான! மேடை கிடைச்சா பலகுரல். கிடைக்கலன்னா கார் மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு பாளையங்கோட்டைப் பக்கம் தெருத்தெருவா விளம்பரம். பேசுறத லேப்டாப்புல பதிஞ்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இறங்கி, டிக்கியத் தொறந்து, பட்டனை அமுக்கி, திரும்ப ஏறி... இடுப்பு கழண்டு போவுது.

சரி, வயரிங் பண்ணிருவோம்னு உக்காந்துட்டேன்.

எம் பொஞ்சாதி எஸ்தர் வாசல்ல வந்து நின்னா. அவ நிக்குற நிலையே ஒரு கேள்வித்தாளு.

"ஏங்க, பதினோரு மணிக்கு நாசரேத்துல இருந்து நம்ம மவ பெனிட்டாவப் பொண்ணு பாக்க வாராவ. நெனப்பு இருக்கா?"

"இருக்கு புள்ள! அதுக்குள்ள அசன விளம்பரத்த முடிச்சிட்டு வந்து வேட்டி மாத்திருதேன்."

"இவியளாவது அமையணும்னு நானும் பெனிட்டாவும் உபவாசம் இருந்திருக்கோம். கெடுத்திராதீங்க."

அசனம்னா, எங்க சர்ச்சு சபையில வருசத்துக்கு ஒரு நாள் ஊருக்கே பொங்கிப் போடுறது. யாரு வேணாலும் வரலாம். உக்காந்தும் சாப்பிடலாம், தூக்குவாளியிலயும் வாங்கிட்டுப் போலாம். இன்னைக்கு மத்தியானம்தான் அந்த அசனம். விளம்பரம் நான்.

வேலைய ஆரம்பிச்சேன். லேப்டாப்பு பட்டன்ல இருந்து ரெண்டு வயர இழுத்து, சாவி வயரோட சேத்தேன். சாவியப் போட்டா பட்டனுக்கு ஒரு அமுக்கு, முழிச்சுக்கிடும். சாவிய எடுத்தா இன்னொரு அமுக்கு, தூங்கிரும். முழிச்சா, விட்ட இடத்துல இருந்து பேச ஆரம்பிச்சிரும்.

போட்டேன். பேசிச்சு! எடுத்தேன். தூங்கிச்சு!

எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்ல. யாரும் கை வச்சிரக் கூடாதுன்னு லேப்டாப்பு, ஆம்ப்ளிஃபயர் எல்லாத்தையும் ஒரு பலகைப் பெட்டியில வச்சு, மேல மூடி போட்டு, சுத்தி ஸ்குரூவா முடுக்கினேன். அந்த மாதிரி கெட்டியா நான் என் வாழ்க்கையில வேற எதையும் செஞ்சதில்ல.

கிளம்பியாச்சு. முதல் தெரு, ரெண்டாந் தெரு, கணீர்னு போவுது. ரயில்வே கேட்டு வந்துச்சு, அடைச்சிருந்தான். சாவிய ஆஃப் பண்ணேன். பண்ணுன மறு நொடி கேட்டத் தொறந்துட்டான்! பின்னால லாரிக்காரரு ஹாரன அடிச்சு, "யோவ், போவும்வே!"

பதறிப் போயி திரும்பப் போட்டேன்.

அந்த அவசரத்துல லேப்டாப்பு ஒரு அமுக்க வாங்கிச்சு, இன்னொண்ண வாங்கல.

அங்கன மாறிப் போச்சு மக்களே! சாவி போட்டா தூங்குது. எடுத்தா முழிக்குது. வண்டி ஓடும்போது ஊமை. நிப்பாட்டுனா கத்துது!

டீக்கடைக்கார அண்ணாச்சி கேக்காரு: "என்னவே, வண்டி போவும்போது சும்மா போவுது, நீரு டீ குடிக்கும்போது பேசுது?"

"புது டெக்னிக்கு அண்ணாச்சி."

சரி, கிடக்கட்டும்னு ஒவ்வொரு தெரு முக்குலயும் நிப்பாட்டி நிப்பாட்டி விளம்பரத்த முடிச்சு, வீட்டு வாசலுக்கு வந்தேன். அங்கனதான் புத்தியில உறைச்சுது. இப்ப சாவிய எடுத்தா இது கத்தும்ல?

பெட்டியப் பிரிப்போம்னா ஸ்குரூ அசைய மாட்டேங்குது. நான் முடுக்கின முடுக்கு அப்படி. தெரு முனையில நாசரேத்துக் கார் திரும்புது. ஒரே வழிதான். என்ஜின் நின்னா நிக்கட்டும், சாவி ஆன்லயே இருக்கட்டும்! பைய வீட்டுக்குள்ள போயி வேட்டிய மாத்துனேன்.

வந்தாவ. நல்ல சனம். மாப்பிள்ளையோட அப்பா ஓய்வு பெத்த வாத்தியாரு. அம்மா அளந்து பேசுற அம்மா. பெனிட்டா காபி கொண்டாந்தா. மாப்பிள்ளை ஒரு தடவ பாத்தான், அவ ஒரு தடவ பாத்தா. எஸ்தர் என்னைப் பாத்தா: அமைஞ்சிரும் போலயே!

மாப்பிள்ளைக்குப் போன் வந்துது, வெளிய போனான். வாத்தியாரு எந்திரிச்சு, "ஜெபம் பண்ணிக்கிடுவோம்"னாரு. எல்லாரும் கண்ண மூடியாச்சு.

கொஞ்ச நேரத்துல பக்கத்துல வந்து யாரோ நிக்க மாதிரி இருந்துச்சு. மாப்பிள்ளை. என் உள்ளங்கையில எதையோ வச்சு, காதுக்குள்ள மெதுவா சொல்லுதான்:

"மாமா, வண்டியில சாவி ஆன்லயே கிடந்துது. பேட்டரி இறங்கிரும்லா? ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்துட்டேன்."

மாமாங்குதான் மக்களே! முதல் தடவையா! சந்தோசப்படவா, ஓடவா?

வாத்தியாரு உருகி ஜெபிக்காரு: "ஆண்டவரே, இந்தக் காரியத்துல உம்முடைய சித்தம் என்னன்னு எங்க காதுல கேக்கும்படியா நீரே பேசும்..."

"ஆட்ட அடிச்சாச்சு! சோறு பொங்கியாச்சு! எல்லாரும் தூக்குவாளியோட ஓடி வாங்க!"

வாத்தியாரு ஆமென்கூட சொல்லல. அப்படியே உக்காந்துட்டாரு.

நான் வேட்டியப் புடிச்சுக்கிட்டு ஓடிச் சாவியப் போடுததுக்குள்ள அது நாலு தடவ கூப்பிட்டு முடிச்சிட்டுது. எந்த சபை, எந்த இடம்ங்கிறத மட்டும் முந்தின முக்குலயே சொல்லித் தொலைச்சிருக்கு! எங்க வாசல்ல செருப்புக் குவியல். அடுப்படியில இருந்து வடை வாசனை. சனம் வேற என்னத்த நினைக்கும்? தெருவே தூக்குவாளியோட திரண்டு வந்து நிக்குது.

எதிர்த்த வீட்டு அக்கா உள்ள எட்டிப் பாத்து, "ஏ எஸ்தரு, கறி தனியா, சோறு தனியா?"

எஸ்தர் முகத்த நான் பாக்கல. பாக்க தைரியம் இல்ல.

வேற வழி? வாசப்படியில ஏறி நின்னேன். மெசின்ல பேசுன அதே குரல எடுத்து, "அன்பான பொதுமக்களே! விருந்து இங்கன இல்ல, சர்ச்சு வளாகத்துல! இங்கன நடக்குறது பொண்ணு பாக்குறது! தயவுசெஞ்சு கலைஞ்சு போங்க!"

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே போச்சு. உள்ள திரும்பினா, பெனிட்டா வாயப் பொத்திச் சிரிக்கா. மாப்பிள்ளை சுவத்தப் புடிச்சுச் சிரிக்கான். மாப்பிள்ளையோட அம்மா மட்டும் சிரிக்கல. என்னைய மேலயும் கீழயும் பாத்தாவ.

"அந்தக் குழாய்ல பேசினது நீங்கதானா?"

"ஆமாம்மா."

எஸ்தர் கண்ண மூடிட்டா.

அந்த அம்மா சேலைய இழுத்து விட்டுட்டுச் சொன்னாவ:

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நகை, சாமான் ஒண்ணும் கேக்க மாட்டோம். கல்யாணத்துக்கு மைக்செட்ட மட்டும் நாங்க பாத்துக்கிடுதோம்."