கல்லுக்காரர் பிடித்து வைத்த இடம்

கள்ளக்குறிச்சியில் உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரே மனிதர் கல்லுக்காரர்தான். வேண்டுமானால் தமிழ்நாட்டிலேயே என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே அவருக்கு ஒரு பஞ்சர் கடை. பதினொரு மணிக்கு மேல்தான் திறப்பார். அதுவரை ஓ.பி. வரிசையில் நிற்பார். முறை வந்ததும் உள்ளே போவார்.

"உடம்புக்கு என்ன?" என்பார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க வந்துட்டீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு..."

முதலில் கோபித்துக்கொண்ட டாக்டர், பிறகு இவர் தலையைப் பார்த்ததுமே "வந்துட்டேன், போங்க" என்று சொல்லப் பழகிவிட்டார். லீவு வேண்டுமென்றால் மேலதிகாரிக்கு முன்னால் கல்லுக்காரரிடம்தான் கேட்பார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அந்தப் பெயர் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையிலிருந்து வெள்ளிமலை பஸ் இறங்கி வருவதற்குள் வரிசை வேப்பமரத்தைத் தாண்டிவிடும். அதனால் மலை ஜனங்களுக்காக, தனக்குப் பின்னால் ஐந்து கருங்கல்லை வரிசையில் வைப்பார். ஒரு கல் ஒரு ஆள். வரிசை நகர்ந்தால் காலால் தள்ளிக்கொண்டே வருவார். கல்லின் முறை வந்துவிட்டால், "கல்லு நிக்கட்டும், நீங்க போங்க" என்று பின்னால் இருப்பவரை அனுப்புவார். பஸ் வந்ததும் மலை ஆள் நேராக வந்து கல் இருந்த இடத்தில் நின்றுகொள்வார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. வரிசையில் ஒருவர் எகிறினார். "ஊரே இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ல நிக்குது. நீ இன்னாயா, கல்லுக்கு ஒதுக்கீடு குடுத்துக்கினு கீற?"

"மலைக்காரன் லேட்டா வர்றான்னுதான சொல்ற? அவன் எழுந்தது நாலு மணிக்கு. நீ எத்தினி மணிக்கு எழுந்த?" என்றார் கல்லுக்காரர். எகிறியவர் கொட்டாவி விட்டபடி தலையைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் அவருக்கும்தான் ஏழாம் பொருத்தம். நான் அப்போது மருத்துவப் பாலிசி பிடிக்கும் ஏஜெண்ட். ஊருக்கு அது புதுச் சரக்கு. தனி ஆஸ்பத்திரி, தனி ரூம், வெள்ளைப் போர்வை என்று நான் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்கு உடனே காய்ச்சல் வந்து படுத்துவிடலாம் போல இருக்கும். ஒரு நாள் சங்கராபுரத்து ரைஸ்மில் முதலாளி ஒருவரைக் கையெழுத்து வரை கொண்டுவந்துவிட்டேன். இடம், பஞ்சர் கடைக்குப் பக்கத்து டீக்கடை. புத்தி கெட்டுப்போய் அங்கே உட்கார்ந்தேன்.

"மொதலாளி, ஒங்களுக்கு சக்கரை கீதில்ல? அதுக்குக் குடுப்பாங்களான்னு கேளுங்க" என்றார் கல்லுக்காரர், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

"முன்னாடியே இருக்கிற வியாதிக்குக் கிடையாதுங்க" என்றேன்.

"வயித்துப் புண்ணுக்கு?" இது முதலாளி.

"அதுவும் முன்னாடியே..."

"அப்ப எனக்குப் புச்சா ஒண்ணு வரணுமா?"

"புச்சா வேணும்னா எங்க வரிசைல வந்து நில்லுங்க மொதலாளி. அம்பது பேரு இருமிக்கினு நிக்கறான், ஒண்ணாவது கெடைக்கும்" என்றார் கல்லுக்காரர். முதலாளி சிரித்த சிரிப்பில் டீ என் பாலிசி ஃபாரத்தின் மேல் கொட்டியது. அத்தோடு அந்தப் பாலிசி போயிற்று.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பணம் கட்டுறவன் நிம்மதியா வைத்தியம் பாத்துக்கட்டுமே! நீங்க ஏன் கெடுக்கிறீங்க?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "சார், மருந்து இல்லன்னு நான் சத்தம் போட்டா 'போய்யா'ம்பான். நீங்க போட்டா 'உக்காருங்க சார்'ம்பான். நாலு எழுத்து படிச்சவங்க எல்லாம் பாலிசியத் தூக்கிக்கினு போய்ட்டா, எங்க வரிசைக்கு யாரு சார் பேசுவா?" என்றார்.

நனைந்த ஃபாரத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். "நான் செத்தாலும் உங்க வரிசைக்கு வரமாட்டேன்!"

மறுநாளிலிருந்து வரிசையில் ஆறு கல். ஆறாவது கல்லுக்குச் சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டியிருந்தார். "இன்னாத்துக்கு இது?" என்று கேட்டவர்களிடம், "இது பாலிசி சார் கல்லு. சாருக்குத் தனி ரூம் வேணுமாம், அதான் சட்டை போட்டு வெச்சிக்கிறேன்" என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினேன்.

அப்புறம் இட ஒதுக்கீட்டுக்காரர்களின் சாலை மறியல் நாள் வந்தது. விடியற்காலையில் என் மனைவி சரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பாலிசியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாடகைக் காரில் பாண்டிச்சேரி தனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தியாகதுருகத்தை எட்டும் முன்பே மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. டிரைவர் என்னைப் பார்த்தார். சரசு பேச்சை நிறுத்தியிருந்தாள். திருப்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அன்று ஒரே ஒரு டாக்டர். மற்றவர்கள் ரோட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசை வேப்பமரத்தைத் தாண்டித் தெருவுக்கே வந்திருந்தது. பஸ் வராத நாளில் கல் எதற்கு என்று கல்லுக்காரரோடு ஒரு கூட்டம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. "பஸ்ஸு வராது. ஆளு வருவான். கல்ல எட்த்தா கைய ஒடிப்பேன்!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். சரசுவைப் பார்த்தார். முறை வந்தும் ஆள் வராமல் கதவை ஒட்டிக் கிடந்த கற்களில், ட்யூப் மாட்டிய கல்லைக் குனிந்து எடுத்தார். "வாம்மா. இது ஒன் எடம்தான். ரொம்ப நாளா காலியாவே கீது" என்றார். அவ்வளவு நேரம் சண்டை போட்ட கூட்டம் தானாக ஒதுங்கிக்கொண்டது.

குடல்வால். அன்று மத்தியானமே அறுத்து எடுத்தார்கள். மலை அடிவாரத்திலிருந்து மூன்று பேர் சைக்கிளில் வந்து சேர்ந்து தங்கள் இடத்தில் நின்றதாகப் பிறகு சொன்னார்கள். மீதி இரண்டு கல்லும் ஓ.பி. முடியும்வரை அசையவில்லை.

அந்தக் கல்லைச் சரசு கேட்டு வாங்கிக்கொண்டாள். தலைவலி என்றாலும் "நம்ம கல்லு இருந்த எடத்துக்கே போலாம்" என்பாள். பாலிசி ஏஜெண்டின் மனைவி அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? நடக்கவில்லை.

கல்லுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தார். ஞாயிறு ஓ.பி. கிடையாது. பார்த்துத்தான் போயிருப்பார். அவர் நிஜப் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்போது வீட்டுக்கு வீடு காப்பீட்டு அட்டை இருக்கிறது. அட்டை கொடுப்பது அரசாங்கம், பார்ப்பது பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரி. இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் இருந்தால் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடி இரண்டே வார்த்தையில் சொல்லியிருப்பார். அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

போன மாதம் பிரஷர் மாத்திரைக்காக அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். ட்யூப் காய்ந்து வெடித்துப்போன அந்தக் கல்லை ஜோல்னாப் பையிலிருந்து எடுத்து, எனக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

"இன்னா பெரியவரே, யாருக்கு இது?" என்றான் பின்னால் நின்றவன்.

"எங்க ஆளு ஒருத்தரு. வருவாரு" என்றேன்.